படலைக்கு அங்காலை ஒரு மத்தியஸ்தம்

எனக்கு ஆரையும் லேசிலை நம்ப வராது. மீன்காரன் "இண்டைக்குப் பிடிச்சது" எண்டால் செவுளைத் தூக்கிப் பாப்பன். டொக்டர் "ஒண்டுமில்லை" எண்டால், உந்த மனிசன் ஏன் ஒண்டுமில்லையெண்டு சொல்லுது எண்டு இரண்டு நாள் யோசிப்பன். சட்டம் படிச்சு முடிச்சு யாழ்ப்பாணத்திலை தொழிலுக்கு வந்த பிறகு இந்தக் குணத்துக்கு ஒரு மரியாதையும் கிடைச்சிட்டுது. குறுக்கு விசாரணைக்கு இவளை விட்டால் ஆளில்லை எண்டு என்ரை சீனியர் நாலு பேருக்கு முன்னாலை சொல்லுவார். மனதாரத்தான் சொல்லுறாரோ, இல்லாட்டி வில்லங்கமான வழக்குகளை என்ரை தலையிலை கட்டிறதுக்குச் சொல்லுறாரோ எண்டு எனக்கு அதிலையும் ஒரு சந்தேகம்.

எண்பத்தாறாம் ஆண்டு அந்தக் குணத்துக்கு வேலை இல்லாமல் போச்சுது. கோட்டைக்குள்ளை ஆமி, வெளியிலை துவக்கோடை இயக்கப் பெடியள், இடையிலை எங்கடை நீதிமன்றம். ஷெல் எப்ப வருமெண்டு தெரியாத இடத்துக்கு ஆர் வழக்குப் பேச வருவினம்? தவணைக்கு மேலை தவணை போட்டு, கடைசியிலை தவணை போடவும் ஆளில்லாமல் போச்சுது. அதுக்காகச் சனம் சண்டை பிடிக்கிறதை விட்டதோ? சீ, அதுதான் இல்லை. வேலிச் சண்டை, கிணத்துச் சண்டை, சீதனச் சண்டை எல்லாம் முந்தினதைவிடக் கூட. பெடியளிட்டைப் போனால் ஒரு நாளிலை தீர்ப்புக் கிடைக்கும், ஆனால் அதுக்கு அப்பீல் இல்லை. அதாலை கொஞ்சம் யோசிக்கிற சனம் எங்கை போறதெண்டு தெரியாமல் முழிச்சுக்கொண்டு நிண்டது.

அந்த நேரத்திலைதான் மத்தியஸ்தம் பழக்கிற வகுப்பெண்டு ஒண்டு வந்தது. பட்டணத்திலை ஒரு சேர்ச் மண்டபம், சனிக்கிழமை சனிக்கிழமையாக. படிப்பிக்க வந்தவர் கொழும்பிலை இருந்து வந்த ஒரு தமிழர், தடிச்ச கண்ணாடி, மெல்லிய குரல். காசு இல்லை. மத்தியானச் சாப்பாடும் தாறம் எண்டிச்சினம். அதோடை எனக்குப் பொறி தட்டிச்சுது. சும்மா படிப்பிக்கிறான், அதுக்கு மேலை சோறும் போடுறான் எண்டால் பின்னாலை ஆரோ இருக்கவேணும். முதல் நாள் பதிவுக் கொப்பியிலை பேரும் விலாசமும் எழுதச் சொல்ல, நான் விலாசத்தை அரைவாசிதான் எழுதினன்.

என்ரை பக்கத்துக் கதிரையிலை சோனகதெருவிலை இருந்து வாற ஒரு முஸ்லிம் சட்டத்தரணி. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அண்ணன் முறைக்கு நான் நானா எண்டு கூப்பிடுறனான். அவர் என்ரை அரைவாசி விலாசத்தை எட்டிப் பாத்திட்டு, "என்ன சந்தேகத்தார், மிச்ச அரைவாசியை ஆருக்கு வைச்சிருக்கிறியள்?" எண்டு கேட்டார். அண்டையிலை இருந்து வகுப்பிலை எனக்குச் சந்தேகத்தார் எண்டுதான் பேர். கோவம் வந்தது, ஆனால் பேர் பொருந்தியும்தான் இருந்தது.

படிப்பிச்ச விசயங்கள் எனக்கு முதலிலை பெரிய பம்மாத்தாகத்தான் தெரிஞ்சுது. ஒரு ஆள் சொல்லுறதை இடையிலை வெட்டாமல் கேக்கவேணும். கேட்டதைத் திருப்பி அவருக்கே சொல்லவேணும், "நீங்கள் சொல்லுறது இதுதானே?" எண்டு. "ஏன் செய்தனீங்கள்?" எண்டு கேக்கக் கூடாது, கேட்டால் குற்றம் சாட்டின மாதிரி. இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் போய்ச் சந்திக்கவேணும், பேந்து இரண்டு பேரையும் பொது இடத்திலை இருத்தவேணும். நானாவும் நானும் புருசன் பெண்சாதி மாதிரி நடிச்சுச் சண்டை பிடிக்கேக்கை, மத்தியஸ்தராக இருந்தவரை விட்டிட்டு நானாவையே நான் குறுக்கு விசாரணை செய்யத் துவங்கீட்டன். "பிள்ளை, அவர் சாட்சி இல்லை, உம்மடை புருசன்" எண்டு கண்ணாடிக்காரர் சொல்ல, மண்டபம் முழுக்கச் சிரிப்பு.

இரண்டு விதியை மட்டும் அவர் கறுத்தப் பலகையிலை பெரிசாக எழுதிக் கீழை கோடும் போட்டார். ஒண்டு, மத்தியஸ்தர் எந்தப் பக்கத்துக்கும் சட்டம் சொல்லிக் குடுக்கக் கூடாது. சொன்னால் அந்தப் பக்கத்தின்ரை வழக்கறிஞராகிப் போவியள். மற்றது, எந்தப் பக்கத்தின்ரை வீட்டிலையும் கை நனைக்கக் கூடாது. ஒரு மிடறு தேத்தண்ணி கூட வேண்டாம். இந்த இரண்டும் எனக்கு உடனை பிடிச்சுக்கொண்டுது. ஆரையும் நம்பாத ஆளுக்கு இதுகள் வாய்க்குச் சக்கரை. சீ.ஆர். கொப்பியிலை சிவப்புப் பேனையாலை எழுதி வைச்சன்.

மூண்டாம் கிழமை ஆளுக்கொரு பிணக்கை எடுத்துச் செய்து பாக்கச் சொன்னார். என்ரை சீனியரிட்டை இணுவில் பக்கம் தோட்டம் செய்யிற ஒரு ஐயா தடையுத்தரவு எடுக்க வந்திருந்தவர். கோடு, அதுதான் நீதிமன்றம், கூடாத நேரத்திலை என்ன தடையுத்தரவு? "உன்ரை புதுப் படிப்பை இதிலை காட்டு பாப்பம்" எண்டு சீனியர் என்னட்டைத் தள்ளிவிட்டார். நானாவும் நானும் சோடியாகப் போறதெண்டுதான் கதை. போற அண்டு விடிய பட்டணப் பக்கம் ஷெல் விழுந்து பாதை மூடிப்போச்சுது, நானா வரேலாமல் போட்டார். நான் தனியத்தான் சைக்கிளிலை போனன்.

பிணக்கு இதுதான். ஐயாவின்ரை வளவும் தோட்டமும் றோட்டுக்கரையிலை. அதுக்குப் பின்னாலை ஒரு சின்ன வீடு, அதிலை கட்டிட வேலை செய்யிற ஒரு மேசனும் பெண்சாதியும். மேசன் வீட்டுக்கு றோட்டிலை இருந்து போறதெண்டால் ஐயாவின்ரை காணிக் கரையாலை ஒரு ஒழுங்கை. இருபது வருசத்துக்கு மேலை அவை அதாலைதான் போய் வந்தவை. மாரிக்கு அந்த ஒழுங்கை சேறாகிப் போகுமெண்டு மேசன் ஒரு நாள் நாலு சீமெந்துக் கல்லு வார்த்துப் பதிச்சுப்போட்டார். அவ்வளவுதான், ஐயா படலை போட்டு ஆமைப்பூட்டும் போட்டிட்டார். அதோடை விட்டிருந்தால் இது இன்னொரு ஒழுங்கைச் சண்டை. மேசனுக்கு நீரிழிவு. வேலை செய்யேக்கை காலிலை ஏதோ வெட்டி, புண் மாறாமல் ஊறிக்கொண்டு போகுது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மருந்து கட்டாட்டிக் கால் போகுமெண்டு டொக்டர் சொல்லியிருக்கிறார். படலை பூட்டின பிறகு கார் வீட்டடிக்கு வரேலாது. வேற வழி, பின்னாலை புகையிலைத் தோட்டத்துக்குள்ளாலை வரம்பிலை அரைக் கட்டை, அரை மைல் தூரம், நடந்து மற்ற றோட்டுக்குப் போறது.

நான் முதலிலை ஐயா வீட்டைத்தான் போனன். ஐயாவின்ரை மனிசி பூப்போட்ட கோப்பையிலை தேத்தண்ணி கொண்டு வந்தா. "வேண்டாம், விதி அப்பிடி" எண்டன். "கொழும்பிலை இருந்து வந்த பழக்கமோ?" எண்டு கேட்டுச் சிரிச்சிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொண்டு போனா. ஐயா ஒரு மணித்தியாலம் கதைச்சார். "இண்டைக்குச் சீமெந்து பதிச்சவன் நாளைக்குக் காணி உறுதி முடிச்சுக்கொண்டு வருவான் பிள்ளை. எனக்குத் தெரியாதே?" எண்டார். நான் வெட்டாமல் கேட்டன். "உங்கடை காணி கைவிட்டுப் போயிடுமெண்டு பயப்பிடுறியள், அதுதானே?" எண்டு திருப்பிச் சொன்னன். மனிசன் அப்பிடியே அடங்கிப்போய், "ஓம் பிள்ளை, அதுதான்" எண்டார். அட, இந்தப் பம்மாத்து வேலை செய்யுது எண்டு எனக்குள்ளை ஒரு சந்தோசப் புழுகம்.

கடைசியிலை ஐயா ஒரு வழிக்கு வந்தார். மேசனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக் காருக்குப் படலை திறந்துவிடுவார். ஆனால் ஒரு கடுதாசியிலை கையெழுத்து வைக்கவேணும். தாங்கள் இந்த ஒழுங்கையைக் காணிக்காரரின்ரை அனுமதியோடைதான் எப்பவும் பாவிச்சவை, அதிலை தங்களுக்கு எந்த உரிமையும் இல்லை எண்டு. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினன். எழுதேக்கையே என்ரை கை கொஞ்சம் நிண்டுது. பத்து வருசத்துக்கு மேலை ஒருதரின்ரை அனுமதியும் கேக்காமல் நடந்த வழி எண்டால், நடந்தவருக்கு அதிலை உரிமை வந்திடும். இது சட்டம். அந்தக் கடுதாசியிலை கையெழுத்து வைச்சால் அந்த உரிமையைத் தன்ரை கையாலையே குழி தோண்டிப் புதைச்ச மாதிரி. தோட்டம் கொத்திற மனிசனுக்கு "அனுமதியோடைதான் எப்பவும்" எண்ட வசனம் எங்காலை வந்தது? என்ரை சீனியர் சொல்லிக் குடுத்திருப்பார் எண்டு சந்தேகப்பட்டன். ஆனால் சிவப்புப் பேனை விதி இருக்குதே. சட்டம் சொல்லிக் குடுக்கக் கூடாது. மூச்சுக் காட்டாமல் மடிச்சு வைச்சன்.

ஐயா படலையைத் திறந்து என்னை ஒழுங்கைக்குள்ளை விட்டார். நான் நாலு எட்டு வைக்க முன்னம் பின்னாலை பூட்டுற சத்தம். "ஏன் ஐயா பூட்டுறியள்?" எண்டு கேட்டன். "திரும்பி வரேக்கை கூப்பிடுங்கோ பிள்ளை, திறந்து விடுறன்" எண்டார். முந்தினநாள் பெய்த மழைக்கு ஒழுங்கை முழுக்கச் சேறு. அந்தச் சீமெந்துக் கல்லுகளிலை கால் வைச்சு, செருப்பிலை ஒரு பொட்டுச் சேறும் படாமல் மேசன் வீட்டுக்குப் போனன். எனக்கு அது ஒண்டும் பெரிசாகப் படேல்லை.

மேசனின்ரை பெண்சாதிக்கு நாப்பத்தஞ்சு வயதிருக்கும். "வாங்கோ தங்கச்சி" எண்டு கதிரையைத் துடைச்சுப் போட்டா. மேசன் கட்டிலிலை. கால் துணியாலை சுத்தியிருந்தது, புண் மணம் வாசலிலையே தெரிஞ்சுது. அவர் கனக்கக் கதைக்கேல்லை, அக்காதான் கதைச்சா. நாலு பேர் சேந்து கதிரையிலை வைச்சு வரம்பாலை தூக்கிக்கொண்டு போறது, ஒருக்கால் வழுக்கி அவர் விழுந்தது, தூக்க ஆள் கிடைக்காத நாளிலை மருந்து கட்டாமல் விட்டது, எல்லாம் சொன்னா. "அந்த மனிசன் சேறெண்டு போட்ட கல்லுத் தங்கச்சி. ஐயாவின்ரை மனிசியும் அதிலைதான் கால் வைச்சுக் கிணத்தடிக்குப் போறவ. எங்களுக்கு அவையின்ரை காணி என்னத்துக்கு? இவற்றை கால் மிஞ்சினால் காணும்" எண்டா. நான் வெட்டேல்லை. சொன்னதைத் திருப்பிச் சொன்னன். அவ கண்ணைத் துடைச்சுக்கொண்டு, "எங்களை இப்பிடி இருத்தி ஆரும் கேட்டதில்லைத் தங்கச்சி" எண்டா. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சுது, பொய் சொல்லக் கூடாது.

அவ உள்ளை போய்த் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்தா. சில்வர்ப் பேணி, புதுசு மாதிரி மினுங்கிச்சுது.

"இல்லையக்கா, வேண்டாம்" எண்டன்.

"சீனி குறைச்சுத்தான் போட்டனான் தங்கச்சி."

"இல்லை, நான் குடிக்கிறேல்லை."

ஐயா வீட்டிலை "விதி அப்பிடி" எண்டு சொன்ன வாய், இங்கை அதைச் சொல்லேல்லை. அவ பேணியைக் கையிலை வைச்சுக்கொண்டு ஒரு நிமிசம் நிண்டா. மேசனைப் பாத்தா. மேசன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். "அப்ப இருங்கோ வாறன்" எண்டு சொல்லிப்போட்டு வெளியிலை போனா.

போனவ வரேல்லை. பத்து நிமிசம், கால் மணித்தியாலம், அரை மணித்தியாலம். மேசன் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறார், நித்திரையோ நடிப்போ தெரியாது. எனக்குப் பழைய குணம் தலையைத் தூக்கிச்சுது. எங்கை போனவ? ஆரைக் கூட்டிக்கொண்டு வரப் போனவ? நான் ஐயாவின்ரை ஆள் எண்டு பெடியளிட்டைச் சொல்லப் போனாவோ? இல்லாட்டி ஆரும் அரைகுறைப் படிப்புக்காரனிட்டை யோசனை கேக்கப் போனாவோ? எழும்பிப் போய் வாசலாலை எட்டிப் பாத்தன். கடுதாசியை எடுத்துக் கைப்பைக்குள்ளை வைச்சு, கைப்பையை மடியிலை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். சாகக் கிடக்கிற மனிசன் அதைப் பறிச்சுக்கொண்டு ஓடப்போற மாதிரி!

அவ வந்தா. சீலைக் கரை முழங்கால் மட்டும் நனைஞ்சு, முகமெல்லாம் வேர்வை. கையிலை ஒரு போத்தில் சோடா. என்ரை கண்ணுக்கு முன்னாலை கத்திப் பிடியாலை மூடியைத் தட்டித் திறந்து, போத்திலின்ரை வாயைக் கையாலை தொடாமல் நீட்டினா. "இதைக் குடியுங்கோ அம்மா" எண்டா.

எனக்குத் தாகம் தொண்டையை அடைச்சுது. யோசிச்சன். இது கடைச் சாமான், மூடி போட்டது, இவை வீட்டிலை செய்ததில்லை. இதைக் குடிச்சால் கை நனைச்ச கணக்கிலை வராது. விதியும் மிஞ்சும், அக்காவின்ரை மனமும் நோகாது. என்ரை கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு போத்திலாலை மடக்கு மடக்கெண்டு குடிச்சன். தங்கச்சி எண்டது அம்மாவாக மாறினதைக் கவனிச்சன்தான். லோயர் எண்ட மரியாதை இப்பதான் வந்திருக்குது எண்டு நினைச்சன். விசரி!

பேந்து கடுதாசியை வாசிச்சுக் காட்டினன். அக்கா கதவு நிலையோடை நிண்டு கேட்டா, இருக்கேல்லை. "ஓம் அம்மா, ஓம் அம்மா" எண்டதைத் தவிர வேறை கதையில்லை. மேசன்தான் சுவரைப் பாத்தபடி, "யோசிச்சுச் சொல்லுறம்" எண்டார். வாற ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலையிலை இரண்டு பக்கமும் சந்திக்கிறதெண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிட்டன். ஐயா படலையைத் திறந்து விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஒம்பது மணிக்கு ஐயா வெள்ளை வேட்டியோடை வந்து இருந்தார். மேசன் வீட்டாலை ஒருதரும் வரேல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரேல்லை. "நான் சொன்னனே பிள்ளை, அவைக்கு நோக்கம் வேறை" எண்டார் ஐயா. எனக்கும் அப்பிடித்தான் பட்டுது. ஆரோ ஏத்தி விடுறான். கோடு திறக்கும், வழக்குப் போட்டு ஒழுங்கையை எடுக்கலாம் எண்டு ஆரோ ஆசை காட்டியிருக்கிறான். அந்த அரை மணித்தியாலம் அவ எங்கை போனவ எண்டது எனக்கு இப்ப விளங்கீட்டுது எண்டு நினைச்சன். கொப்பியிலை "இரண்டாம் பக்கம் ஒத்துழைக்கவில்லை, பின்னணியில் யாரோ இருப்பதாகத் தெரிகிறது" எண்டு வடிவான எழுத்திலை எழுதினன். அந்தக் கிழமை மாரி பிடிச்சிட்டுது. இரவு பகலெண்டு இல்லாமல் கொட்டிச்சுது.

வகுப்பிலை நானாவிட்டைக் கதையைச் சொன்னன். அவர் சோத்துப் பாசலைப் பிரிச்சு வைச்சுக்கொண்டு சிரிச்சுச் சிரிச்சுக் கேட்டார். சோடாக் கதை வர, சிரிப்பு நிண்டுது.

"சோடா நீங்கள் கேட்டனீங்களோ?"

"இல்லை, அவவாத்தான் போய் வாங்கிக்கொண்டு வந்தவ."

"முதலிலை பேணியிலை தந்ததை வேண்டாமெண்டனீங்கள்?"

"ஓம், விதி."

"அந்த விதி அவவுக்குத் தெரியுமோ?"

நானா கையை உதறிப்போட்டு என்னை நேரை பாத்தார். "எனக்கே இது விளங்குது. உங்கடை சாதி ஆக்கள் மேசன் மாதிரி ஆக்களின்ரை கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் போனால் என்ன குடிக்கிறவை? பேணியிலை குடிக்கமாட்டினம், போத்தில் சோடா எண்டால் குடிப்பினம். இவளும் அந்த ஆள்தான் எண்டு அந்த மனிசிக்கு விளங்கீட்டுது. தன்ரை பேணியிலை வாய் வைக்காதவள் நீட்டின கடுதாசியிலை அவை என்னெண்டு கையெழுத்து வைப்பினம்?"

அந்தச் சோடாவை நான் பாத்திருக்கிறன். சின்னனிலை அம்மாவோடை எங்கடை வீட்டுக்கு வேலைக்கு வாற ஆக்களின்ரை கலியாண வீட்டுக்குப் போயிருக்கிறன். அங்கை எங்களுக்கெண்டு புறம்பாக இரண்டு கதிரையும் இரண்டு போத்தில் சோடாவும் இருக்கும். அம்மா அரைப் போத்தில் குடிச்சிட்டு, சிரிச்ச முகத்தோடை எழும்பி வருவா. சோடா கிடைக்குதெண்டு நான் அந்தக் கலியாணங்களுக்கு ஆசையாகப் போறனான். அக்கா பேணியோடை நிண்டு புருசனைப் பாத்த அந்தப் பார்வையிலை, இது முழுக்க இருந்திருக்குது. உலகத்திலை உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்ட எனக்கு, என்ரை தொண்டையைச் சந்தேகப்படத் தெரியேல்லை.

அதோடை சோடாக் கடை எங்கை இருக்குது? றோட்டிலை, ஐயாவின்ரை படலைக்கு முன்னாலை. படலை பூட்டு. அவ பின்பக்கத் தோட்டத்தாலை சுத்தித்தான் போயிருக்கிறா. அந்த ஒழுங்கையைப் பற்றிக் கதைக்கப் போன நான் அந்த ஒழுங்கையாலையே சேறு படாமல் போய் இருக்க, எனக்காக அவ முழங்கால் சேத்திலை போய்ச் சோடா வாங்கிக்கொண்டு வந்தவ. அந்த நேரம் முழுக்க நான் கைப்பையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருந்தன்.

உடனை போயிருக்கவேணும். போகேல்லை. மழை எண்டன், சைக்கிளுக்குக் காத்தில்லை எண்டன். நானா சொன்னது சரியாக இருக்குமோ, இல்லை அவர் எங்கடை ஆக்களைக் குத்திக் காட்டுறாரோ எண்டு கூட ஒரு நாள் யோசிச்சன். கோதாரி விழுந்த குணம். அப்பிடியே ஒரு கிழமை போச்சுது.

மழை விட்ட அண்டு போனன். ஐயாவின்ரை படலையடிக்குப் போகேல்லை, மற்ற றோட்டாலை சுத்திப் போய் வரம்பிலை இறங்கினன். புகையிலைக் கன்றுக்கு நடுவிலை தண்ணி நிண்டது. ஒரு செருப்புச் சேத்துக்குள்ளை போய் வரமாட்டன் எண்டு நிண்டுது, இரண்டையும் கழட்டிக் கையிலை எடுத்தன். அக்காவுக்கு என்ன சொல்லுறதெண்டு வழி முழுக்கச் சொல்லிப் பாத்துக்கொண்டு நடந்தன். அக்கா, எனக்கொரு தேத்தண்ணி தாங்கோ. முதல் அதைக் கேப்பம், பிறகு மிச்சம். இதிலை நாலு பேர் ஒரு மனிசனைக் கதிரையோடை எப்பிடித் தூக்கிக்கொண்டு போனவை எண்டு எனக்குப் பிடிபடேல்லை.

முத்தத்திலை அக்கா தனிய நிண்டா. கட்டில் வெறுமையாகக் கிடந்தது. என்னைக் கண்டதும் கதிரையை எடுக்கப் போகேல்லை, வாங்கோ எண்டும் சொல்லேல்லை.

"அவர் எங்கையக்கா?"

"ஆஸ்பத்திரியிலை. மழைக்கை நாலு நாள் கொண்டுபோக ஏலேல்லை. முந்தநாள் காலை முழங்காலோடை எடுத்துப்போட்டினம்."

நான் கேக்க வந்த தேத்தண்ணியைக் கேக்கேல்லை. எப்பிடியும் கால் போகத்தான் இருந்தது எண்டு பிறகு ஒரு டொக்டர் எனக்குச் சொன்னவர். அதை நம்பினால் எனக்கு வசதி, அதாலையே நான் அதை நம்பிறதில்லை. அண்டைக்கு அந்த முத்தத்திலை நான் வாய்விட்டு அழுதன். அக்கா அழேல்லை, என்னை ஆற்றவும் இல்லை. நான் முடிக்கும் மட்டும் பாத்துக்கொண்டு நிண்டா.

"அந்தக் கடுதாசி கொண்டந்தனீங்களோ அம்மா?" எண்டு கேட்டா.

"ஏனக்கா?"

"திங்கக்கிழமை அவரைத் துண்டு வெட்டி வீட்டை விடுகினமாம். ஒற்றைக் காலோடை வரம்பாலை கொண்டு வரேலாது. கார் வீட்டடிக்கு வரவேணும். தாங்கோ, வைக்கிறன்."

கைப்பைக்குள்ளைதான் இருந்தது. எடுத்தன், குடுக்கேல்லை. சிவப்புப் பேனை, கறுத்தப் பலகை, கண்ணாடிக்காரர், எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சன். "அக்கா, இதிலை வையாதேங்கோ. இருபது வருசமாக நீங்கள் நடந்த வழி இது. உங்களுக்கு இதிலை உரிமை இருக்குது. இதிலை கையெழுத்து வைச்சால் அது போயிடும். கோடு திறக்கட்டும், நான் உங்களுக்காக வழக்குப் பேசுறன், ஒரு சதம் வேண்டாம்" எண்டு மூச்சு விடாமல் சொன்னன்.

அவ நிதானமாகக் கேட்டா. நான் அவவை முதல் நாள் கேட்ட மாதிரி, இடையிலை வெட்டாமல் கேட்டா.

"இது உங்களுக்கு அண்டைக்குத் தெரியாதே?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டுதான் வாசிச்சுக் காட்டினனீங்கள்."

"ஓம்."

அவ கோவிக்கேல்லை. கோவிச்சிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கையை நீட்டிக் கடுதாசியை வாங்கினா, என்ரை பேனையையும் வாங்கினா. சுவரிலை வைச்சு, ஒவ்வொரு எழுத்தாகத் தன்ரை பேரை எழுதினா. "கோடு எப்ப திறக்குமெண்டு உங்களுக்கும் தெரியாது. திங்கக்கிழமை மூண்டு நாளிலை வருது" எண்டா. பேனையையும் கடுதாசியையும் திருப்பித் தந்தா.

கீழை சாட்சி எண்டு ஒரு கோடு இருந்தது. அதை முதல் நாள் நானே அடிமட்டம் வைச்சுக் கீறினனான். அவ அதைச் சுட்டிக் காட்டி, "இதிலை ஆர் வைக்கிறது?" எண்டு கேட்டா.

நான்தான் வைச்சன்.